கேஸ் மாமாவின் மூணு விரல்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மருத்துவக் கல்லூரியில் ‘கேஸ் மாமா’ என்று பெயர். நோயாளியை அங்கே ‘கேஸ்’ என்பார்கள். தொழில் தையல். அவர் வெட்டுவார், நான் காஜா எடுப்பேன். இளவயதிலிருந்தே அவர் ரத்தத்தில் ஒரு கோளாறு. அதனால் மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும். படிக்கிற பிள்ளைகள் தொட்டுப் பழக இப்படி ஒரு வயிறு கிடைப்பது அபூர்வமாம். செய்முறைத் தேர்வு வந்தால் கல்லூரியிலிருந்து ஃபோன் வந்துவிடும். மாமா முகச்சவரம் செய்து, வெளுத்த பனியன் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை தோரணையில் கிளம்புவார். துணைக்கு நான் போகவேண்டும் என்பது அக்காவின் உத்தரவு.

தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோயாளி. கொஞ்ச நேரம் தனியாக விட்டு, வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார். அந்தத் தனிமையில்தான் மாமா திருவாய் மலர்வார். “மண்ணீரல்தான். விலாவுக்குக் கீழ மூணு விரல்.” எந்தக் காலத்திலோ ஒரு டாக்டர் வயிற்றில் விரல்களை வைத்து அளந்து சொன்ன அளவு அது. அதையே பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் தப்பு மாமா” என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

“பாவம்டா. பயத்துல கையெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை சொன்னா என் வாய் தேஞ்சிடுமா?”

இந்த முறை அவருக்குக் கிடைத்தது தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். பின்னாலேயே மாமா வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

நடந்தது இதுதான். அந்தப் பெண் மூணு விரல் என்றிருக்கிறாள். பேராசிரியர் அம்மா தானே கை வைத்துப் பார்த்திருக்கிறார். அடிவயிற்றில் தொடங்கிய கை, தொப்புளுக்குக் கீழேயே மண்ணீரலின் விளிம்பில் முட்டியிருக்கிறது. “விளிம்பு எங்கம்மா? தொட்டுக் காட்டு” என்று கேட்டதும் அவள் விழித்திருக்கிறாள். ஃபெயில்.

“நான் நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா சொன்னேன்” என்றார் மாமா.

“தெரியும் அங்கிள்.” அவள் நிமிரவில்லை. “அடிவயித்துல ஆரம்பிச்சு மேல வரணும். அதான் முறை, எனக்கும் தெரியும். முதல்ல அங்கதான் கையைக் கொண்டு போனேன். நீங்க சொன்னதும் நேரா விலாகிட்ட போயிட்டேன். அங்க எல்லாமே கெட்டியா இருந்துச்சு, விளிம்பே கிடைக்கல. நீங்க சொன்னதையே சொல்லிட்டேன்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “நீங்க இன்னைக்கே வார்டுல சேர்ந்துடுங்க அங்கிள். இவ்வளவு பெருசா வளர்ந்திருக்கக் கூடாது.”

திட்டியிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார். அவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அந்தப் பேண்ட்டின் இடுப்பை இந்த வருஷத்தில் இரண்டு தடவை பிரித்துத் தளர்த்தியவன் நான்தான். தளர்த்தும்போதெல்லாம் அக்கா சமையலையும் அவர் தொப்பையையும் கிண்டல் வேறு செய்தேன். ஊரார் இடுப்பையெல்லாம் அளக்கிறவர்கள் நாங்கள்.

மாமா விடுவிடுவென்று பேராசிரியரிடம் போய், தான் சொல்லிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டார். நானும் பின்னால் நின்றேன்.

“மார்க்கை மாத்த முடியாதுங்க. தொட்டுப் பார்த்துச் சொல்லத்தான் பரீட்சை. அடுத்த தடவை எழுதட்டும்” என்றார் அந்த அம்மா. பிறகு கேட்டார்: “இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கீங்க?”

மாமா தரையைப் பார்த்தார். “எல்லாருக்கும்மா.”

அன்றே வார்டில் சேர்த்தார்கள். அக்கா கொண்டுவந்த சாப்பாட்டை அவர் தொடவில்லை.

“உங்களுக்கு என்ன ஆகுமோன்னு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க யாரோ ஒரு பொண்ணுக்காக அழறீங்க” என்றாள் அக்கா.

“அவளுக்குத் தெரிஞ்சிருந்துதுடி. நான்தான் வாயைத் திறந்து கெடுத்தேன்.”

மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்த நோயாளிகளைப் பார்த்துக் குறிப்பெழுத ஓர் இளம் டாக்டர் வந்தார். மாமாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“அட, கேஸ் மாமா. என்னை ஞாபகம் இருக்கா? உங்க புண்ணியத்துலதான் பாஸ் பண்ணேன்.” கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். “மண்ணீரல், அதே மூணு விரல்தானே?”

அக்கா அவசரமாகப் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமா அவளைக் கையமர்த்தினார். பனியனைத் தானே மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“எனக்குத் தெரியாது தம்பி. தொட்டுப் பாருங்க.”

டாக்டருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பேனாவைப் பையில் செருகிவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு குனிந்தார். கை நேராக விலாவுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அங்கேயே அழுத்திப் பார்த்தது. கீழே இறங்கவே இல்லை.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை விடவில்லை. பிறகுதான் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“டேய், இவரு ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பாரு?”