மூன்று செபமாலை வேகும் கேக்

சனிக்கிழமை நாலு மணியானால் தகர வேலியில் கரண்டியால் இரண்டு தட்டு விழும். "பரிமளம், இன்னைக்கு நம்ம வீட்டுக்கு திரேசம்மா வந்திருக்காங்க. வெரசா வா."

முதல் தடவை அந்தக் குரலைக் கேட்டபோது பரிமளம் தலைவாரி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். வேலிக்கு அப்பால், டொரதியின் வீட்டில் அவளைத் தவிர ஆள் யாரும் இல்லை. மேசையில் ஓர் இஞ்சிக் கேக் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. "இவங்கதான் திரேசம்மா," என்றாள் டொரதி. "கட்டுகஸ்தோட்டையில இருந்தாங்க. செத்து இருபது வருசம். சாப்பிடு."

டொரதி மாநகரசபையில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். கலியாணம் கட்டவில்லை. கண்டி மஹய்யாவயில் தாய் விட்டுப்போன வீட்டில் தனியே இருக்கிறாள். கோயில் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது, எரிக்க வைத்திருந்த குப்பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், கோயில் கூரை போடுவதற்காக மாதா சபைப் பெண்கள் ஆளுக்கொரு பலகாரம் சொல்ல, ரோணியோ மெஷினில் படியெடுத்து நூலால் தைத்த புத்தகம் அது. நாற்பத்தொரு பக்கம், நாற்பத்தொரு பெயர். ஆறு வருடமாக அவள் அந்தப் பெயர்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

புத்தகம் சொன்னதை அவள் ஒரு துளியும் மாற்றமாட்டாள். ஐம்பது சிகரெட் அடைத்து வந்த வட்ட டின்னால் மா அளக்கும்படி ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்த டின்னைத் தேடிக் கண்டி முழுக்க அலைந்து, ஸெய்னுலாப்தீன் நானாவின் கடையில் ஆணி போட்டு வைத்திருந்த ஒன்றைக் கெஞ்சி வாங்கி, மூன்று முறை அவித்துக் கழுவினாள். "அந்தக் காலத்து முட்டை சின்னது" என்று நாட்டுக்கோழி முட்டைக்காகப் பஸ் ஏறிப் போனாள். கேக் சரியாக வந்துவிட்டால் முதல் துண்டு, சொன்னவளின் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் அங்கே போகும். டின்னை மடியில் வைத்துக்கொண்டு டொரதியே போவாள். சிலர் அழுதார்கள். ஒருவர் சீனி போதாது என்றார். இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டு வந்தாள்.

பரிமளம் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வீட்டிலிருந்து சட்டை தைக்கிறாள். அவளுக்குக் கோயில் வேறு, சாமி வேறு. ஆனால் செத்துப்போன பெண்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து வருகிற இந்த மனுஷியை, தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நாற்பது பேர் வந்துவிட்டார்கள். பதினேழாம் பக்கம் மட்டும் வரவில்லை. ரவைக் கேக், சூசையம்மா, தெல்தெனிய. சட்டிக்குக் கீழும் மூடிக்கு மேலும் தணல் போட்டு, மூன்று செபமாலை சொல்லி முடியும்வரை மூடியைத் திறக்கக் கூடாது என்று இருந்தது. மற்றப் பெண்கள் நிமிடக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த சூசையம்மாவின் வீட்டில் மணிக்கூடு இல்லை. எழுதவும் தெரியாது. அவள் வாயால் சொன்னதை வேறொருத்தி எழுதியிருந்தாள்.

டொரதி நாலு முறை மூன்று செபமாலை சொல்லித் திறந்தாள். நாலு முறையும் நடு அமுங்கி, உள்ளே களியாகக் கிடந்தது.

"இன்னுங் கொஞ்சம் விட்டா என்னக்கா?" என்று பரிமளம் மெல்லக் கேட்டாள்.

"விட்டா அது டொரதி கேக். சூசையம்மா கேக் இல்ல."

ஞாயிறு பூசை முடிந்து நிற்கையில், அந்தக் கேக்கைத் தின்று பார்த்திருந்த பாலம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "கேக்கா அது? ரவைக் கஞ்சி! தோட்டத்துப் பொம்பள என்னத்தக் கண்டா, அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்புல வைங்க." சிரித்தவர்களுக்குப் பின்னால் வலன்ரைன் நின்றிருந்தார். சூசையம்மாவின் ஒரே மகன்; அன்று தெல்தெனியவிலிருந்து பூசைக்கு வந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னால் அவர் தெல்தெனிய பஸ்ஸில் வந்து இறங்கினார். டொரதி கொல்லையில் தணல் மூட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்கலவை தயாராக இருந்தது.

"மிஸ், எங்கம்மா பக்கத்த என்கிட்டயே குடுத்திருங்க."

"எதுக்கண்ணே?"

"அவுங்கள பொதைச்ச எடம் பழைய ஊரோட டேம் தண்ணிக்குக் கீழ கெடக்கு. வீடு போச்சு, படம் போச்சு. அவுங்க பேரு இருக்கிற ஒரே எடம் இந்தப் புத்தகந்தான். அதை வச்சு ஊரு சிரிக்க வேணாம்."

டொரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இன்னைக்கும் சரி வரலேன்னா நானே கிழிச்சுத் தாரேன்."

அப்போது கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. டொரதி எழுந்தாள்; இருவரும் சிலுவை போட்டுக்கொண்டு மாதா செபம் சொன்னார்கள். டொரதி முடித்துவிட்டுக் குனிந்து தணலை ஊதத் தொடங்கினாள். வலன்ரைனின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

வேலியோரம் பரிமளம் நின்றிருந்தாள். மூன்றாம் மனிதர் முன் வாய் திறந்து அவளுக்குப் பழக்கமில்லை. "அக்கா... நீங்க முடிச்சிட்டீங்க. அண்ணன் இன்னும் பாதியில நிக்கிறாரு."

"அவரு பழைய செபம் சொல்றாரு புள்ள," என்று சிரித்தாள் டொரதி. "பிரியதத்தத்தினாலேன்னு தொடங்கும். செபமாலையில அம்பத்து மூணு தரம் வர்ற அதே செபந்தான். அதைச் சுருக்கி மாத்தி எத்தனையோ வருசம்..." ஊதுகுழல் கையிலேயே நின்றுவிட்டது. "அறுபத்திரண்டுல புதுச் செபம் ஏது?"

"எங்கம்மா இப்புடித்தான் சொல்லுவாங்க," என்றார் வலன்ரைன். "இழுத்து இழுத்து. தோட்டத்து லயத்துல எல்லாரும் அப்புடித்தான். நான் மாத்திக்கல."

டொரதி கலவையைச் சட்டியில் ஊற்றினாள். சட்டியை ஏற்றினாள். மூடிமேல் சிரட்டைத் தணலைப் பரப்பினாள். அடுப்புக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணே. செபமாலைய நீங்க சொல்லுங்க."

"நானா மிஸ்?"

"என் வாய் ஆபீஸ் வாய். டைப் அடிக்கிற மாதிரி ஓடிரும்."

அவர் சொன்னார். நீளமான சொற்கள், அதைவிட நீளமான இழுவை. ஒவ்வொரு மணியிலும் இளைப்பாறிப் போகிற குரல். டொரதியின் கணக்கில் திறந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அவள் கை மூடிப்பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மா டின்னுக்குள் போட்டுவிட்டாள். 

மூன்றாவது செபமாலை முடிந்தது. மூடியைத் தூக்கினாள். நடு எழும்பி, மேலே பொன்னிறமாக வெடித்திருந்தது. குத்தி எடுத்த ஈர்க்கில் ஒன்றும் ஒட்டவில்லை.

வலன்ரைன் ஒரு துண்டை நின்றபடியே தின்றார். வெகுநேரம் மென்றார். "உப்பு ஒரு கல்லு கூட," என்றார். "அம்மாவும் கூடத்தான் போடுவாங்க." பிறகு முகத்தைக் கழுவத் தண்ணீர் கேட்டார்.

பக்கம் கிழிபடவில்லை. மறு ஞாயிறு ஒரு துண்டை வாங்கித் தின்ற பாலம்மா, எத்தனை நிமிடம் என்று கேட்டாள். நிமிடக் கணக்கு இல்லை, வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள் என்றாள் டொரதி.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை வலன்ரைன் வந்து அடுப்புக்கு முன்னால் உட்காருகிறார். பாலம்மாவும் வருகிறாள். அவர் கடைசி ஆமென் சொல்லும்வரை டொரதி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நிற்கிறாள். மூடியைத் தொடுவதில்லை.