அமலோற்பவம் பிரித்துப் பூட்டிய டிவைடிங் ஹெட்

அமலோற்பவம் இறந்துபோன செய்தியை அவருடைய கணவர் மரியசேவியர்தான் போனில் சொன்னார். அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் போல்ட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, அமலா போயிட்டா. மதுரையில இருந்து கொண்டுவந்துக்கிட்டு இருக்கோம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "ராசபாளையத்து அம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். பொறுக்கிய போல்ட்டுகளை என் கையிலிருந்து வாங்கி அவரே பெட்டியில் போட்டார். அமலோற்பவத்தோடு ஒரு தடவையாவது சண்டை போடாத ஹார்டுவேர் கடைக்காரர் இந்த இரண்டு ஊரிலும் குறைவு. இவரும் போட்டவர்தான். அன்று சாயங்காலம் அடக்கத்துக்கு இவரும் வந்திருந்தார்.

அமலோற்பவத்தை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ராஜபாளையத்தில் பல்சக்கரம் வெட்டும் பட்டறை வைத்திருந்தார். மில்லிங் மெஷினைத் தானே ஓட்டினார். மில்களின் நூற்பு இயந்திரங்களுக்கு வேண்டிய சக்கரங்கள் பெரும்பாலும் அவரிடம்தான் போகும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் லேத்தும் ஒரு பழைய மில்லிங் மெஷினும் வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் பல்சக்கர வேலையை அவரிடம் கொடுத்து வாங்குவேன். என்னைவிட வயதில் இளையவர். அண்ணாச்சி என்று கூப்பிட்டாலும் அதற்காகக் கூடுதல் மரியாதை எதுவும் தரமாட்டார். ஒரு முறை அவசரத்துக்குப் பல் வெட்டும் கட்டர் ஒன்றை இரவல் கேட்டேன். "என்ன வேணா கேளுங்க அண்ணாச்சி, கட்டர் மட்டும் கேக்காதீங்க. மழுங்கித்தான் திரும்பி வரும்" என்றார். எனக்குக் கோபம்தான். ஒரு மாதம் போல அவரிடம் வேலை கொடுக்காமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இந்த அளவில் இருந்த பழக்கம் மாறியது ஒரு மழைக்காலத்தின் முடிவில். மகாராஜபுரம் பக்கத்து விவசாயி முத்தையாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பல்சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு காலையிலேயே என் பட்டறைக்கு வந்தார்கள். அவர்கள் ஊர்க் கண்மாயின் மடை ஷட்டரை ஏற்றி இறக்கும் சக்கரம் அது. பற்கள் வரிசையாக உடைந்திருந்தன. ஷட்டர் பாதி ஏறிய நிலையில் நின்றுவிட்டது. அந்த வருடம் பெருகியிருந்த கண்மாய் அந்த ஒரு வழியில் காலியாகிக்கொண்டிருந்தது. போகிற தண்ணீர், கதிர் முற்றி நின்ற கீழ்வயல்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"மணல் மூட்டையைப் போட்டு அடைச்சிருக்கோம் அண்ணாச்சி. அம்புட்டும் அரிச்சுக்கிட்டு வருது. இன்னைக்குள்ள முடியலைன்னா தண்ணியும் இல்ல, வெள்ளாமையும் இல்ல" என்றார் முத்தையா.

அதே அளவில் வட்டமாகக் கடைந்து தருவது எனக்கு ஒன்றுமில்லை. பல் வெட்டுவதற்குத்தான் டிவைடிங் ஹெட் வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் இரும்பைச் சம அளவில் திருப்பிக் கொடுக்கிற கருவி அது. அதன் கைப்பிடியைச் சுற்றி, தட்டிலுள்ள துளைகளை எண்ணி, சரியான துளையில் நிறுத்த வேண்டும். மூடிய ஒரு பட்டறையிலிருந்து வாங்கிப் போட்டது ஒன்று என்னிடம் மூலையில் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்தே இறுகிப்போய் இருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு பைப்பைச் சொருகித் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. அமலோற்பவத்துக்குப் போன் போட்டேன்.

"உங்க ஹெட்டு சும்மா இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. மில்லு வீலு பாதியில நிக்கி. கழட்டினா செட்டிங் போயிரும்." விஷயத்தைச் சொன்னேன். "உங்ககிட்ட ஒண்ணு கெடக்குல்ல?" என்றார்.

"அது இறுகிக் கெடக்கு."

"பைப்பு கிய்ப்பு போட்டுத் திருகிறாதீங்க. நான் வாரேன்."

ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சொருகியிருந்த பைப்பைப் பார்த்தார். அதை உருவிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு ஹெட்டின் உள்ளே இருக்கும் திருகுப் பல்லை, அதாவது வார்மை, அது பிடித்திருக்கும் உள்சக்கரத்திலிருந்து விலக்கினார். கைப்பிடி மட்டும் லேசாகச் சுற்றியது. நடுத்தண்டான ஸ்பிண்டிலைக் கையால் பிடித்துத் திருப்பினார். அது அசையவில்லை. "வார்ம்ல கோளாறு இல்ல. ஸ்பிண்டில்தான் பிடிச்சிருக்கு" என்றார். நான் காலையிலிருந்து கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பின்பக்க நட்டைத் துடைத்துப் பார்த்தபோது அதில் உளி பட்ட வடுக்கள் இருந்தன. முன்பு வைத்திருந்தவர் யாரோ, தண்டு ஆடுகிறது என்று நட்டை உளி வைத்து அடித்து இறுக்கியிருக்கிறார். அதைத் தளர்த்தியும் தண்டு வரவில்லை. எண்ணெய் விட வேண்டிய இடத்தில் கிரீஸை அப்பியிருந்தார்கள். அது காய்ந்து கோந்தாகியிருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முத்தையாவால் உட்கார முடியவில்லை.

"ஏம்மா, தட்டி எடுத்திர ஏலாதா?"

"அடிச்சா வந்திரும் அண்ணாச்சி. வந்த பொறவு அது பல்லு வெட்டாது."

"தண்ணி போய்க்கிட்டு இருக்கும்மா."

"தெரியுது. அதுக்குத்தான் அடிக்காம இருக்கேன்."

முத்தையா தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். டீ வந்தது, குடித்தோம். நான் சக்கரத்துக்கான வட்டத்தைக் கடைந்து முடித்தேன். மண்ணெண்ணெய் இறங்க இறங்க அவர் தண்டை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அசைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மரக்கட்டையை வைத்து ஒரு தள்ளு தள்ளியதும் தண்டு முழுதாக வெளியே வந்தது. அது உட்காரும் இடத்தில் ஒரு இரும்புத் துணுக்கு பதிந்து கீறல் போட்டிருந்தது. துணுக்கை எடுத்துவிட்டு, கீறலின் மேடான ஓரத்தை மட்டும் எண்ணெய்க் கல்லால் தேய்த்தார். எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்டினார்.

பிறகு நடந்ததுதான் எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். வார்மைத் திரும்பச் சேர்த்துச் சுற்றிப் பார்த்தோம். ஓரிடத்தில் மட்டும் இறுக்கமாகவும் மற்ற இடங்களில் சற்று லூசாகவும் இருந்தது. லூசு துளியும் இல்லாமல் நெருக்கி வைக்க வேண்டும் என்றேன் நான். அவர் ஒப்பவில்லை. "அந்த ஒரு எடம்தான் தேயாம இருக்கு அண்ணாச்சி. அதுக்குத் தக்கனதான் வைக்க முடியும். மத்த எடத்துக்கு நெருக்கினா இங்க வந்து மறுபடியும் பிடிச்சிக்கிடும்."

"லூசா இருந்தா பல்லு சீரா விழுமா?"

"ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டு வாங்க, விழும். துளை தாண்டிட்டா நல்லாப் பின்னால போய்த் திரும்ப வாங்க. வெட்டும்போது ஸ்பிண்டிலப் பூட்டிருங்க."

இடையில் அவருக்கு மில்லிலிருந்து போன் வந்தது. "இன்னைக்கு ஆகாது சார். நாளைக்கு மத்தியானம்" என்றார். மறுமுனையில் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. "நாளைக்கு மத்தியானம் சார்" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவர் சொன்னபடியே நான் பல் வெட்ட, பொழுது சாய்வதற்குள் சக்கரம் முடிந்தது. நானும் அவர்களோடு வேனில் போனேன். கண்மாய்க் கரையில் ஊரே நின்றது. சக்கரத்தைப் பூட்டிச் சுற்றியபோது ஷட்டர் முதலில் முனகியது, பிறகு இறங்கியது. கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் மிஞ்சியிருந்தது. ஓரத்து வயல்கள் சிலவற்றில் கதிர் சாய்ந்துவிட்டது, மற்றவை தப்பித்தன. முத்தையா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா வரலையா?" என்று கேட்டார். அமலோற்பவம் அப்போதே ராஜபாளையம் திரும்பி, மில் வேலையில் நின்றிருந்தார்.

அவர் சொன்ன நேரத்துக்கு அந்த மில் சக்கரத்தை வாங்கிக்கொண்டது. ஆனால் அதன் பிறகு வெகு காலம் வேலையை வேறிடத்துக்கு அனுப்பியது. இதை அவர் சொல்லவில்லை. எனக்கு வேறு ஒருவர் மூலம்தான் தெரிந்தது. என்னால்தானே என்று கேட்டபோது அவர் எரிச்சல்பட்டார். "அவிய மெஷின் நின்னா அவியளுக்கு நஷ்டம். கோவம் வரத்தான செய்யும். மில்லு வீல மறுநாள் குடுத்திரலாம். கண்மாய்த் தண்ணிய மறுநாள் குடுக்க முடியுமா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் தவறே செய்யாதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு முறை நான் கொடுத்த வேலையில், போன் பேசிக்கொண்டே துளையைத் தவறவிட்டு ஒரு பல்லை மெலிதாக வெட்டிவிட்டார். நான் பார்த்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அவரே கூப்பிட்டார். "ஒரு பல்லு மெலிஞ்சு போச்சு. ஓடும், ஆனா சத்தம் போடும். வேற வெட்டித் தாரேன்" என்றார். தவறைச் சொல்லும்போதும் அவர் குரல் சண்டை போடுகிற குரலாகவே இருந்தது.

நெஞ்சுவலி வந்த அன்றும் அவர் மெஷினில்தான் இருந்திருக்கிறார். மோட்டாரை அணைத்து, பட்டறையைப் பூட்டி, சாவியை மரியசேவியரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னாராம். மதுரையில் அவரை ஒரு முறை போய்ப் பார்த்தேன். குரல் இறங்கியிருந்தது. "மெஷின்ல ஒரு வீலு பாதியில நிக்கி அண்ணாச்சி. யாரும் தொட்டிராமப் பாத்துக்கிடுங்க. வந்து முடிச்சிக்கிடுதேன்" என்றார். சரி என்றேன்.

அடக்கம் முடிந்த சில நாட்கள் கழித்து மரியசேவியர் கூப்பிட்டார். அந்தச் சக்கரம் இன்னும் மெஷினில் இருக்கிறது, மில்லில் கேட்கிறார்கள் என்றார். கண்மாய்ச் சம்பவத்தன்று கோபித்துக்கொண்ட அதே மில்தான். இடையில் எப்போதோ அவரிடமே திரும்ப வந்திருந்தது.

மரியசேவியர் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார். சக்கரத்தில் பாதிக்குப் பல் விழுந்திருந்தது. ஸ்பிண்டில் பூட்டியிருந்தது. கட்டருக்கு நேராக இருந்த பள்ளம் வெட்டி முடித்ததா, இன்னும் ஆழம் பாக்கியா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மோட்டாரைப் போடாமல் மேசையைக் கையால் நகர்த்திக் கட்டரைப் பள்ளத்துக்குள் விட்டுப் பார்த்தேன். எங்கும் உரசாமல் போய் வந்தது. வலியோடு அந்தப் பல்லை முடித்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார். அடுத்த துளைக்குத் திருப்பி, அங்கிருந்து நான் தொடங்கினேன். கடைசிப் பள்ளம் வந்தபோது, அதற்கும் அவர் வெட்டிய முதல் பள்ளத்துக்கும் நடுவில் முழுசாக ஒரு பல் நின்றது; கணக்கு எங்கும் பிசகவில்லை.

மரியசேவியர் உள்ளே வந்து சக்கரத்தைக் கையில் வாங்கினார். "இதுல அமலா வெட்டினது எது?" என்று கேட்டார். மெஷினிலிருந்து கழற்றிய பிறகு அதை என்னால் சொல்ல முடியவில்லை.

மரியசேவியர் பட்டறையை விற்கவில்லை. வாரத்தில் சில நாட்கள் நான் அங்கே போய் வேலை பார்க்கிறேன். மெஷினுக்குப் பக்கத்தில் பட்டறையின் போன் இருக்கிறது. முதலில் கொஞ்ச நாள், கூப்பிட்டவர்களிடம் எல்லாம் அமலோற்பவம் இறந்த விவரத்தைச் சொன்னேன். வருத்தம் தெரிவித்துவிட்டு வைத்துவிடுவார்கள், வேலை வராது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தப் போனுக்குப் பதில் சொல்லும் பொறுப்புதான். இப்போது யாராவது, "அமலம்மா பட்டறையா?" என்று கேட்டால், "ஆமா, அவிய பட்டறைதான். என்ன வேலைன்னு சொல்லுங்க" என்கிறேன்.