பாதியில் நின்ற எட்டாவது பாட்டு

என் அக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களிடம், "பதறாதீங்க, காத்து வரும், மூச்சு முட்டாது" என்று வெளியே நின்று சாந்தமாகச் சொல்கிற வேலை. வீட்டுக்கு வந்து கை கிரீஸைக் கழுவியதும் அந்தச் சாந்தம் போய்விடும். டேப் ரெக்கார்டரில் ஹெவி மெட்டல் கேசட்டைப் போடுவார். இருப்பது அந்த ஒரே ஆல்பம்தான். வாலிபத்தில் ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டைக் கொடுத்து, இசைத்தட்டிலிருந்து பதிந்து வாங்கியது.

"இடி விழுற மாதிரி இருக்கு," என்பாள் அக்கா.

"இடி தாளத்தோட விழுமா? இது விழுது பாரு."

சும்மா சொல்லக்கூடாது, மாமா அதைக் கரைத்துக் குடித்திருந்தார். மூன்றாவது பாட்டில் இரண்டு கிடார்கள் ஒன்றையொன்று துரத்துவதைக் கையாலேயே நடித்துக் காட்டுவார். ஆனால் அவர் உயிரை விடுவது எட்டாவது பாட்டுக்கு. அதில் கிடார் மேலே மேலே ஏறி, உச்சியில் அலறும்போதே சட்டென்று நின்றுவிடும். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"முடிக்காம விட்டான் பாரு! அந்தத் துணிச்சல் எவனுக்கு வரும்?"

போனில் கேட்கலாமே என்றால், "கொசு கத்துற மாதிரி இருக்கும்" என்று மறுத்துவிடுவார்.

ஒருநாள் ரசிகர் குழு ஒன்றின் செயலாளர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். பழைய இசைத்தட்டுகளைக் கூடி உட்கார்ந்து கேட்கிற குழு அது. அவரை வெளியே எடுப்பதற்குள் மாமா அந்த ஆல்பத்தைப் பற்றி முழுதாகப் பேசி முடித்துவிட்டார். கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை. அடுத்த வாரமே, அந்த ஆல்பத்தைப் பற்றிக் கூட்டத்தில் பேச வரச்சொல்லி அழைத்தார்கள்.

மாமாவுக்கு வாழ்க்கையில் முதல் மைக். இருப்புக்கொள்ளவில்லை. இருக்கிற ஒரே வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட வைத்தார். வேலையிடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதால் உரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேளாண் பொருளாதாரம் படித்தவனுக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பட்டம் என்றால் சும்மாவா? 'முடிவின்மையே முடிவாகும் மகத்தான தருணம்' என்று ஒரு வரி எழுதினேன். மாமா கண்கலங்கிவிட்டார்.

கூட்டத்தில் அந்த வரிக்குத்தான் கொஞ்சம் குழப்பத்தோடு கைதட்டினார்கள். பிறகு இசைத்தட்டை ஓடவிட்டார்கள். எட்டாவது பாட்டு வந்தது. கிடார் ஏறியது, உச்சியில் அலறியது. மாமா கையை உயர்த்தினார்.

பாட்டு நிற்கவில்லை.

கிடார் மெல்ல இறங்கியது. பாடகர் திரும்பி வந்து, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல் தணிந்த குரலில் பாடினார். அன்றைக்கு ரெக்கார்டிங் கடைக்காரன் பதியும்போது பாட்டு முடிவதற்குள் கேசட்டில் நாடா தீர்ந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான் அந்த மகத்தான தருணம்.

கூட்டம் முழுக்க மாமாவைத் திரும்பிப் பார்த்தது. உயர்த்திய கை அப்படியே நின்றது. எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

மாமா எழுந்தார். "தம்பி, அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். கிடார் அலறியதும் அவரே போய் ஊசியைத் தூக்கிவிட்டார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"இப்ப சொல்லுங்க. எது நல்லா இருக்கு?"

பின்வரிசையில் ஒருவன், "அண்ணே, உடம்பு சிலிர்த்துடுச்சு," என்றான்.

செயலாளர் விடவில்லை. "அதெப்படி? பாட்டைப் போட்டவங்களுக்குத் தெரியாதா எங்க முடிக்கணும்னு?"

"தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பாங்களே, சார்."

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கட்சி பிரித்துக்கொண்டு சண்டை. நிறுத்தணும் என்றது பாதிக் கூட்டம், கூடாது என்றது மீதி. மாமாவை அடுத்த மாதமும் வரச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை கசங்காமல் தப்பித்தது.

வண்டியில் திரும்பும்போது அவர் பேசவே இல்லை. சிக்னலில் நின்றதும் கேட்டேன்.

"ஜெயிச்சுட்டீங்களே மாமா, அப்புறம் என்ன?"

"அந்தக் கடைசிப் பகுதி..."

"நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுடா. அதான் வயித்தெரிச்சல்."