மைக்கில் சொன்ன பயம்

மதிய ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தில் நின்றபோது கூட வேலை பார்ப்பவர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. "சகுந்தலாக்கா போயிட்டாங்கப்பா. காலைல காய் நறுக்கிக்கினு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க." பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகு எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. எடுத்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்?

அந்த வேலை எது என்று அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வல்லம் வடகாலில் ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் லைனில் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். நான் தென்காசிப் பக்கம், அவர் உள்ளூர், வடக்குப்பட்டு. "காலைல அட்டைல ஒரு பேரு, மத்தியானம் வேற பேரு. உள்ள கீற மாத்திர ஒண்ணுதான். வெல மட்டும் எங்கியோ போவுது பாரு" என்பார். எங்கள் பகுதியில் அரசு மலிவு விலை மருந்தகம் திறக்க வேண்டும் என்று நாலு வருடம் வீடு வீடாக, ஹாஸ்டல் ஹாஸ்டலாகக் கையெழுத்து வாங்கினார். ஒரு கட்சிக்காரர் மிரட்டினார். இன்னொருவர் எங்கள் மனுவைத் தன்னுடையது போலப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். நான் கோபத்தில் குதித்தேன். அக்கா சிரித்தார். "மூஞ்சி யாருதா இருந்தா இன்னா? கட தொறக்கட்டும்."

கிராம சபையில் அந்தத் தீர்மானம் வந்த நாளை என்னால் மறக்க முடியாது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவர் கணவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. மருந்துக் கடைக்காரர் ஒருவர் எழுந்து, "ஊருக்கெல்லாம் மலிவு மாத்திர. உங்க வூட்டுக்காரருக்கு மட்டும் எங்கிட்ட பெரிய கம்பெனி மாத்திர வாங்கிக்கினு போனீங்களே, அது ஏன்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

அக்கா மைக்கை வாங்கினார். "ஆமா, வாங்கினேன். காஞ்சிபுரத்து கவர்மெண்டு கடைல வாங்கின மலிவு மாத்திர வூட்ல பிரிக்காமயே கீது. ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். ஆனா அவரு நெஞ்சப் புடிச்சிக்கினு வுழுந்தப்புறம் பயந்துட்டேன். மாத்திரைக்கா காசு குடுத்தேன்? என் பயத்துக்குக் குடுத்தேன். என்னப்போல பயப்படறவங்களுக்காக, கடை செவுத்துல ரெண்டும் ஒண்ணுன்னு காட்டற டெஸ்ட் ரிப்போர்ட்ட தமிழ்ல ஒட்டணும். அதையும் தீர்மானத்துல எழுதுங்க."

எழுதினார்கள். தீர்மானமும் நிறைவேறியது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. "மானத்த வாங்கிட்டியளேக்கா" என்று கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். "பொய் சொல்லி ஜெயிச்சா, பயப்படறவன் எவன்டா அப்புறம் நம்மகிட்ட வருவான்?" என்றார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அதற்குள், முன்பு கையெழுத்துப் போட மறுத்தவர்கள் தாங்களாகவே அவரைத் தேடி வந்தார்கள். அவரும் அலைந்து திரிந்து ரிப்போர்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, கணவருக்குக் காஞ்சிபுரத்து மாத்திரையையே கொடுக்க ஆரம்பித்தார்.

கடைக்கு இடம் ஒதுக்கி, பெயிண்ட் அடித்து, பூட்டியும் வைத்திருக்கிறார்கள். திறக்கத்தான் இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மாத்திர இன்னும் பத்து நாளைக்குத்தான் கீது. ரெண்டு பஸ் மாறிப் போயி அவதான் வாங்கியாருவா. இங்க எப்ப தொறப்பாங்க?"

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். கடைக்கான அரசாணை, தீர்மான நகல் எல்லாம் கையில் இருந்தன. "ஃபைல் நடந்துக்கிட்டுதான் இருக்கு. என்ன அவசரம்?" என்றார் அதிகாரி, தலையை நிமிர்த்தாமலே. வழக்கமாக இந்த இடத்தில் நான் சண்டை போடுவேன்.

"பயமா இருக்கு சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். கடை இன்னும் திறக்கவில்லை. அடுத்த திங்களும் போகிறேன்.