சேர் வெளியில போயிட்டார்

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது வந்த ஓகஸ்ட் விடுமுறையில், வெள்ளவத்தை வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இருக்கவில்லை. அப்பா கட்டாரில். அதனால் அம்மா தினமும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, கொச்சிக்கடையில் தான் வேலை செய்த அலுவலகத்துக்குப் போனார். கப்பல்களுக்கு ஆட்களை அனுப்பும் சின்ன அலுவலகம் அது. அம்மா முன்மேசையில் இருந்து தொலைபேசி எடுப்பார், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வார். நான் சுவரோரக் கதிரையில் படம் கீறிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பதில்கள் இரண்டு நாளிலேயே எனக்குப் பாடமாகிவிட்டன. மனேஜர் யாரையும் பார்க்க விரும்பாவிட்டால், “சேர் வெளியில போயிட்டார்.” ஒன்றுமே நடக்கவில்லை என்றால், “விசாரிச்சுக்கொண்டிருக்கிறம்.” வீட்டில் நான் பொய் சொன்னால் அடி விழும். இங்கே அம்மா இவ்வளவு மென்மையாகச் சொல்வதால், இது பொய்யில்லை, வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அன்ரி நாள்தோறும் வருவார். கப்பலில் வேலைக்குப் போன அவருடைய மகனிடமிருந்து ஐந்து கிழமையாகப் போன் இல்லை. சேர் வெளியில என்றதும் எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பார். அந்த அலுவலகத்தில் என்னோடு கதைத்த ஒரே ஆள் அவர்தான். நான் கீறிய கப்பலைப் பார்த்து, “இதில என்ர மகன் எங்க நிக்கிறான்?” என்று கேட்டார். மேல்தட்டில் ஒரு ஆளைக் கீறிக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அன்ரி, சேர் உள்ளதான் இருக்கிறார். இப்பத்தான் தேத்தண்ணி குடுத்தவை” என்றேன்.

அவர் எழும்பி நேரே போய்க் கதவைத் திறந்தார். அம்மா, “அக்கா, நில்லுங்கோ!” என்று எழும்புவதற்குள் உள்ளே போய்விட்டார். முதலில் அவருடைய குரல் கேட்டது. பிறகு மனேஜரின் குரல். ஒரு துறைமுகத்தில் இறங்கிய மகன் திரும்பக் கப்பலேறவில்லை, ஒரு மாதமாகிறது, எங்கே என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்த அன்ரி கதிரை வரை வரவில்லை. நிலத்திலேயே இருந்துவிட்டார். மணி அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை விட்டுவிட்டு அம்மா தண்ணீர் கொண்டு ஓடினார். அந்தச் செய்தி அம்மாவுக்குப் புதிதாக இருக்கவில்லை என்பது, வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பின்னேரம் மனேஜர் எங்களிடம் வந்து சிரித்தார். “பிள்ளைக்கு இஞ்ச போரடிக்கும், என்ன?”

“இல்லை சேர், எனக்குப் போரடிக்கேல்லை” என்றேன் நான் அவசரமாக. அம்மா என் தோளை அழுத்தினார்.

பஸ்ஸில் அம்மா ஏசவில்லை. அடுத்த நாள் காலை, “பஸ்ஸில சரியான சனம், பிள்ளை. நீ வீட்டில இரு. அடுத்த கிழமை பாப்பம்” என்றார். ஆர் தட்டினாலும் திறக்கக்கூடாது என்றும் சொன்னார்.

அந்தக் கிழமை முழுவதும், கடலோரமாய்ப் போகும் ரயில்களை எண்ணினேன். பக்கத்து வீட்டு மிக்சியின் சத்தம் நின்றால், அவர்கள் சமைத்து முடித்துவிட்டார்கள் என்று தெரியும். மத்தியானம் அம்மா போன் எடுப்பார். “சாப்பிட்டியா?” ஓம் என்பேன். அந்த அன்ரி வந்தவவா என்று ஒருநாள் கேட்டேன். “அவ ஊருக்குப் போயிட்டா போல” என்றார். எந்த ஊருக்கு என்று கேட்பதற்குள் மற்றத் தொலைபேசி அடித்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் நானே குளித்து, சட்டை போட்டு, கலர் பென்சில்களைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சீப்பு கொஞ்சநேரம் தலைமயிரிலேயே நின்றது.

“இண்டைக்குச் சேரிட்ட நிறைய ஆக்கள் வருகினம். அடுத்த கிழமை கட்டாயம் பாப்பம், என்ன?”

“எந்த நாள் அம்மா?”

“பாப்பம்.”

அவர் போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன். படியிறங்கும் செருப்புச் சத்தம் பாதியில் நின்றது. பிறகு திரும்பி மேலே வந்தது. அம்மா மனம் மாறிவிட்டார் என்று நினைத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோடு ஒட்டி நின்றேன். கைப்பிடி ஒருமுறை அசைந்தது. நான் தாழ்ப்பாளைச் சரியாகப் போட்டேனா என்று பார்க்கத்தான் அவர் வந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.