ஆறாம் கட்டில் கவர்னர்

செவ்வாய்க்கிழமை காலை நம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. குதிரையைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ராஜா. ஆனால் இறங்கியவர் முனிரத்தினம் நைனா இல்லை, அவருடைய மகன். கழுவித் துடைத்த மருந்து பாட்டிலை நீட்டினார். வேளைக்கு இவ்வளவு என்று பல்பல்லாக வெட்டி நாம் ஒட்டிக் கொடுத்த காகிதம் அதில் அப்படியே இருந்தது.

“ரொப்பிக் குடுக்கணுமா அண்ணே?” என்றேன்.

“இனிமே வாணாம்மா. தூக்கத்துலயே போய்ட்டாரு. உக்காந்துகினேதான்.”

நம் ஆண்கள் வார்டில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அழுதுகொண்டே இதை எழுதினால் அவரே எழுந்து வந்து, “இன்னா கண்ணு, மை பத்தலன்னு தண்ணி ஊத்தறியா?” என்று கேட்பார். ஆகையால் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

கரையான்சாவடி ஜட்காக்காரர். கால் வீங்கி, மூச்சு வாங்க, நம்மிடம் வந்தார்; ஆறாம் கட்டில் கிடைத்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குவார். நெஞ்சுக்குத்தான் பலம் குறைவு. நாக்கு நாலுகால் பாய்ச்சல்.

பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே மேட்ரன் அம்மா நமக்கு ஒரு விதி சொன்னாரே, நினைவிருக்கிறதா? மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர் வாயால் சொல்ல வேண்டும். “நீங்கதானே முனிரத்தினம்?” என்று கேட்டால் நம் பக்கத்து மரியாதைக்கு யாரானாலும் ‘ஆமாம்மா’ என்று தலையாட்டிவிடுவார்கள். நைனா கரையான்சாவடி முழுக்கப் பேர்போன ஆள். நான் கேட்டால் மட்டும் அந்தப் பேர் எங்கோ போய்விடும்.

“உங்க பேரு?”

“கவர்னரு.”

“கவர்னருக்கு இங்க மருந்து இல்ல. கிண்டிக்குப் போங்க.”

“அப்போ ராஜா.”

“அது குதிரை பேரு. கொள்ளுதான் கிடைக்கும்.”

“குதிரைக்குப் பேரு கேட்டா கொள்ளு வெக்கறோம்? தெனம் பாக்கற மூஞ்சிக்குப் பேரு இன்னாத்துக்கு?”

ஊசி போடுகிறவளுக்குக் குத்திப் பேசவும் உரிமை உண்டு என்பது என் கட்சி. அதனால் நானும் விடமாட்டேன். உண்மைப் பேர் வந்த பிறகே நாடி பார்ப்பேன். அவருடைய மருந்து நெஞ்சின் ஓட்டத்தை மெதுவாக்குவது. ஏற்கெனவே மெதுவாக ஓடுகிற நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. “குதிரை எப்டி ஓடுது?” என்பார். “பேசாம இருங்க நைனா, எண்ணிக்கை தப்புது” என்பேன். பாட்டிலைக் குலுக்கி, சீட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்கப் பிடித்து, அளவு கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஊற்றுவேன். “சாராயக் கடைக்காரன்கூட இம்மாம் உத்துப் பாத்து ஊத்த மாட்டான்” என்று பெருமூச்சு விடுவார்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வேலாயுதம் என்றொருவர் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது ஆறாம் கட்டிலுக்கு எதிரே, வடக்குச் சுவரை ஒட்டிய கட்டில். வடக்கே தலை வைத்துக் கிடக்கிறாரே என்று அவர் மனைவி கண்ணைக் கசக்கினாராம். “நான் உக்காந்துகினு தூங்கறவன். எனக்குத் தெச இன்னா, தேதி இன்னா?” என்று நைனா தன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டார். நாங்கள் சாப்பிடப் போயிருந்தபோது இருவரும் இடம் மாறிவிட்டார்கள். சுவரில் தொங்கிய பெயர்ச் சீட்டுகள் மட்டும் மாறவில்லை.

சாயங்காலம் நெஞ்சு மருந்தோடு ஆறாம் கட்டிலுக்குப் போனேன். இழுத்துப் போர்த்திய கம்பளி. பக்கத்தில் ஓர் அம்மாள். நைனாவின் சம்சாரத்தை நான் பார்த்ததில்லை. இவர்தான் போலிருக்கிறது, கம்பளிக்குள் கவர்னர் புது வேஷம் கட்டுகிறார் என்று நினைத்தேன்.

“உங்க பேரு?”

கம்பளி முனகியது.

“அவரால பேச முடியலம்மா” என்றார் அந்த அம்மாள்.

“அப்ப நீங்க சொல்லுங்க.”

“ஐயே! ஊட்டுக்காரரு பேர நான் எப்டிம்மா சொல்றது?”

“பேரு வராம மருந்து வராது.”

“ஒடம்பு நெருப்பா கொதிக்குது, நீ வெளையாடிகினு கீறியே! குடு இப்டி.” கிளாஸ் என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டது. கம்பளியை விலக்கி உதட்டருகே கொண்டுபோனார்.

“ஏம்மா, நிறுத்து! முனிரத்தினம் நான்தான்! கரையான்சாவடி ஜட்கா முனிரத்தினம்!”

எதிர் கட்டிலிலிருந்து வந்தது குரல். பக்கத்து வார்டு வரை கேட்டது. கேட்காமலே முழுப் பேரும் ஊரும் தொழிலுமாக அவர் சொன்னது அந்த ஒரு முறைதான். அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. வேலாயுதத்தின் உதட்டில் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

கிளாஸை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். கத்தியதில் நைனாவுக்கு மூச்சு இரைத்தது. அது அடங்கும்வரை நின்றுவிட்டுக் கேட்டேன்: “உங்க பேரு?”

“இப்பத்தானே ஊரே கேக்கக் கத்துனேன்! காது இன்னா, கொள்ளு துன்னப் போச்சா?” என்றவர், நான் கிளாஸை நீட்டாமல் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். “முனிரத்தினம்மா. நாடியப் பாரு.”

மேட்ரன் அம்மா யாரையும் திட்டவில்லை. வடக்கு வரிசைக் கட்டில்களைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் சொன்னார். அந்த வரிசையில் மட்டும் ஏன் கால் சுவர்ப்பக்கம் இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் சொல்லுங்கள், அது கவர்னர் உத்தரவு.

கிளம்பும்போது அவர் மகன் சொன்னார்: “ஊட்ல என் சம்சாரம்தான் மருந்து குடுக்கும். பேரு கேக்காம குடுத்தா வாய் தொறக்க மாட்டாரு.”

“கடைசியா என்ன பேரு சொன்னாரு?”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “பெரிய லாட்டு துரைன்னாரு.”

வைஸ்ராய்! கவர்னருக்கும் மேலே போய்விட்டார் நைனா.

அந்தப் பாட்டிலை மருந்தறையில் கொடுத்துவிட்டேன், இன்னொருவருக்கு உதவும். என்னிடம் தங்கியது, பெயர் வாயிலிருந்து வரும்வரை கிளாஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம். நேற்று ஆறாம் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பெயர் கேட்டேன். முதல் தடவையே ஒழுங்காகச் சொல்லிவிட்டார்.

சப்பென்று இருந்தது.