ஒரு நாள் பணக்காரி

எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் அன்று ஒரு நாள் மட்டும் அது வசதியான வீடாகிவிடும். எதிர் வீட்டு சோபா, மூன்றாம் வீட்டுக் கட்டில், பக்கத்து வீட்டு அக்காவின் ஃபிரிட்ஜ் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். அந்த ஃபிரிட்ஜ் இதுவரை மூன்று பெண்களைக் கரையேற்றியிருக்கிறது. பீளமேட்டில் மில்லுக்குப் பின்னால் குடியிருக்கும் எங்களுக்கு இதெல்லாம் தப்பாகவே தெரியாது.

அதனால்தான் தங்கை பிள்ளையை எங்களிடம் கொடுக்கலாமா என்று அதிகாரி வீடு பார்க்க வருகிறார் என்றதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

என் தங்கை இறந்தபோது என் வீட்டுக்காரர் கால் ஒடிந்து படுக்கையில் கிடந்தார். தங்கையின் எட்டு வயது மகளுக்கு அப்பன் இருக்கிற இடம் தெரியாது. வேறு வழியில்லாமல் அவளை ஒரு குழந்தைகள் இல்லத்தில் விட்டோம். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கவலைப்படுவேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முழுசாகக் கற்றுக்கொண்டது கவலைப்படுவது ஒன்றைத்தான்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய நேரம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். பிள்ளைகளை இல்லத்தில் வைத்துக்கொள்வதைவிட, சொந்தக்காரர் வீட்டில் விட்டு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தால் அரசாங்கத்துக்குச் செலவு மிச்சமாம். செலவு குறைவு என்று என்னைத் தேர்ந்தெடுப்பது புதிதல்ல, மில்லிலும் அப்படித்தான் சேர்த்தார்கள். அதற்காகச் சந்தோஷப்பட்டது மட்டும் இதுதான் முதல் தடவை.

அதிகாரி சின்ன வயசுப் பெண். சோபாவில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஃபிரிட்ஜு, கட்டிலு, வாஷிங் மெசினுன்னு வசதியாத்தான் இருக்கறீங்க. வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்குத்தானுங்க இந்தத் தொகை. உங்களுக்கு எப்படி எழுதறதுன்னு தெரியலீங்களே."

உண்மையைச் சொன்னால் பொய்க்காரி, சொல்லாவிட்டால் பணக்காரி. பொய்க்காரியை நம்பிப் பிள்ளையைத் தரமாட்டார்கள், பணக்காரிக்கு இந்தத் திட்டத்திலேயே இடமில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எதிர் வீட்டு சோபாவின் கைப்பிடியை அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா தலையை நீட்டியது. அது மாவு அரைத்து விற்கிறது.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. அந்த ஃபிரிட்ஜுக்குள்ள என்ற மாவு இருக்குதுங்க. வாங்கறதுக்கு ஆளு நிக்குது. எடுத்துக்கட்டுங்களா?"

அதிகாரி அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப சோபா?"

"எதிர் ஊட்டுதுங்க."

"கட்டிலு?"

"மூணாவது ஊடுங்க."

"வாஷிங் மெசினு?"

"அதும் அக்காளுதுதானுங்க. இன்னும் பைப்பு கூட மாட்டலீங்க. ஒண்ணுமில்லாத ஊடுன்னு புள்ளையக் குடுக்காம போயிருவீங்களோன்னு பயந்துபோட்டனுங்க."

அதிகாரி உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார்.

"நான் தாராபுரமுங்க. என்னையப் பாக்க வந்தன்னிக்கு எங்கூட்ல இருந்த டிவி எங்களுதில்லீங்க. கல்யாணமாகி நாலு வருசமாச்சு, எங்கூட்டுக்காரரு இன்னும் 'உங்க டிவி எங்க'ன்னு கேக்கறாரு. சரி, எல்லாத்தையும் அவங்கவங்க ஊட்டுல சேத்திப்போட்டு வாங்க. உங்களுதை மட்டும் பாத்து எழுதறனுங்க."

லைனே திரண்டு வந்து தூக்கியது. மிஞ்சியது ஒரு தையல் மெஷின், அடுப்பு, இரண்டு பாய், பிள்ளைக்கென்று நான் தைத்து வைத்திருந்த தலையணை. உட்கார்ந்திருந்த சோபாவும் போய்விட்டதால் அதிகாரி நின்றுகொண்டே கேட்டார்.

"பாப்பா எங்கீங்க படுக்கும்?"

"எனக்கும் செவுத்துக்கும் நடுவாலீங்க. உருண்டா என்ற மேலதான் வந்து முட்டும்."

எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ என்று, குழந்தைகள் நலக் குழு முடிவு சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழு சம்மதித்தது. இல்லத்து அலுவலக அறையில் தாள் தாளாக நீட்டினார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்து, மெதுவாகப் பெயரெழுதிக்கொண்டிருந்தேன். பையைத் தோளில் மாட்டி நின்ற பிள்ளை என் முழங்கையை இடித்து, காதோரம் சொன்னாள்:

"வெரசாப் போடுங்க பெரியம்மா. அவுங்க மனசு மாறிப்போடப் போறாங்க."

அவசரத்தில் கடைசித் தாளில் என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். யாரும் பார்ப்பதற்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடையைக் கட்டினேன்.